என் மகளுக்கு இன்னும் வாசிக்க வராது: சபை மூப்பர்களுக்கும் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள மூப்பர் ஐயாமார்களுக்கும் ஞாயிறு பள்ளி அக்கா, அண்ணன்மார்களுக்கும் ஸ்தோத்திரம்.

மூன்று வாரங்களுக்கு முன் ஞாயிறு பள்ளியில் பிள்ளைகள் ஆளுக்கொரு வசனமாக வாசித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். என் பெரியவளின் முறை வந்தது. ஏழு வயது. பள்ளிக்குப் போவதில்லை, வீட்டிலேயே கற்றுக்கொள்கிறாள். வேதாகமத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "எனக்கு இன்னும் வாசிக்க வராது அக்கா" என்றாளாம். வெளியே மழை பெய்கிறது என்று சொல்வதுபோலச் சாதாரணமாக. மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அக்கா சட்டென்று அடுத்த பிள்ளைக்குப் போய்விட்டார். நல்ல மனதோடு செய்ததுதான், அதில் எனக்கு வருத்தமே இல்லை.

ஆனால் விஷயம் வகுப்போடு நிற்கவில்லை. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ஒருவர் அவளிடம் ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டார். இன்னொருவர் ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டி, பெயரை எழுதிக் காட்டு பார்ப்போம் என்றார். அதற்கடுத்த ஞாயிறு என் கணவரைத் தனியாக அழைத்து, பள்ளிக் கட்டணம்தான் பிரச்சினை என்றால் சபையிலிருந்து பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறீர்கள். அந்த அன்புக்கு நன்றி. பணம் காரணமில்லை. சட்டச் சிக்கல் வருமோ என்றும் கேட்டீர்கள். இது நாட்டுக்கு நாடு வேறுபடும். ஜெர்மனியில் பிள்ளையை இப்படி வீட்டில் வைத்திருக்கவே முடியாது, அமெரிக்காவில் எல்லா மாநிலங்களிலும் இடமுண்டு. நாங்கள் எங்கள் பக்கம் விசாரித்துவிட்டுத்தான் இறங்கினோம்.

நாங்கள் செய்வதற்கு அன்ஸ்கூலிங் என்று பெயர். 1970களில் ஜான் ஹோல்ட் என்ற அமெரிக்க ஆசிரியர் வைத்த பெயர் இது. வகுப்பில் பிள்ளைகள் தப்பான விடை சொல்லிவிடுவோமோ என்று பயந்து பயந்தே யோசிப்பதை விட்டுவிடுகிறார்கள் என்பதைக் கண்ணால் பார்த்தவர். முதலில் பள்ளிகளைத் திருத்தப் பார்த்து, அது நடக்காது என்றான பிறகு வெளியே வந்தார். அவர் இதை வேதத்திலிருந்து எடுக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுப் பள்ளி நடத்தும் குடும்பங்கள் நமக்குப் புதிதில்லை. அங்கே பாடப்புத்தகம் உண்டு, கால அட்டவணை உண்டு, அம்மாதான் டீச்சர். எங்கள் வீட்டில் அந்த அட்டவணையும் கிடையாது. பிள்ளை எதைப் பிடித்துக்கொள்கிறதோ அதன் பின்னால் போகிறோம்.

"அப்படியென்றால் நாள் முழுக்க என்னதான் செய்வீர்கள்?" என்று கேட்டீர்கள். ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

ஒரு காலை ஜெபத்தில் நீதிமொழிகள் ஆறாம் அதிகாரம் வந்தது. சோம்பேறியே, நீ எறும்பினிடத்தில் போ என்ற வசனம். ஜெபம் முடிந்ததும் பெரியவள் மெய்யாகவே எறும்பினிடத்தில் போய்விட்டாள். பின்வாசல் படியில் குப்புறப் படுத்துக்கொண்டாள். நாலு வயதுத் தம்பியும் பக்கத்தில் படுத்துக்கொண்டான். அவன் எறும்பைப் பார்த்ததைவிட ஊதியதுதான் அதிகம். அரைமணி நேரம் கழித்து அவள் விரலால் எறும்பு வரிசையின் குறுக்கே ஒரு கோடு தேய்த்தாள். முன்னால் வந்த எறும்பு அந்த இடத்தில் நின்று, திரும்பி, தடுமாறியது. பின்னால் வந்ததெல்லாம் முட்டிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் ஒன்று எப்படியோ அந்தப் பக்கம் போய்ச் சேர, பழையபடி வரிசை வந்துவிட்டது. "அம்மா, கீழே ஏதோ இருக்கு, நமக்குத்தான் தெரியல" என்றாள்.

எனக்கும் தெரியவில்லை. அன்று மாலை அவரும் நானும் தேடிப் படித்தோம். எறும்பு தான் போகும் வழியில் வாசனைத் தடம் ஒன்றை விட்டுக்கொண்டே போகிறது, பின்னால் வருவது அதைப் பிடித்துக்கொண்டு வருகிறது. விரலால் தேய்த்தது அந்தத் தடத்தைத்தான். உழைக்கிற எறும்பெல்லாம் பெண் எறும்பு என்பதும் அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

மறுநாள் அவள் கேட்ட கேள்வியில் நான் மாட்டிக்கொண்டேன். "எறும்புக்குப் பிரபுவும் தலைவனும் அதிகாரியும் இல்லைன்னு வசனம் சொல்லுதே. ஆனா ராணி எறும்பு இருக்கே?" மூன்று நாள் எனக்குப் பதில் இல்லை. அப்புறம் படித்துச் சொன்னேன்: ராணிக்குப் பெயர்தான் ராணி, அது யாருக்கும் கட்டளையிடுவதில்லை, முட்டையிடுவதுதான் அதன் வேலை. இன்னின்ன வேலையைச் செய் என்று எந்த எறும்பும் எந்த எறும்புக்கும் சொல்வதில்லை. அவள் கொஞ்சம் யோசித்து, "அப்போ வசனம் சரிதான்" என்றாள். நீதிமொழிகளை எழுதிய சாலொமோனுக்கே ஒப்புதல் கொடுத்த மாதிரி ஒரு முகம்.

வேதபாடம், உயிரியல், கவனிப்பு என்று இதைப் பிரித்து நோட்டில் எழுதியிருந்தால் உங்களிடம் காட்ட வசதியாக இருந்திருக்கும். எழுதி வைக்கவில்லை.

மூப்பர் ஐயா ஒருவர் உபாகமம் ஆறாம் அதிகாரத்தைக் காட்டி, "கருத்தாய்ப் போதித்து" என்றுதானே இருக்கிறது என்றார். சரிதான். வீட்டில் உட்காரும்போது, வழியில் நடக்கும்போது, படுக்கும்போது, எழும்போது என்று அதற்கு இடமும் நேரமும் அங்கேயே சொல்லியிருக்கிறது. ஆனால் நான் அதிகம் பிடித்துக்கொண்டிருப்பது யோசுவா நாலாம் அதிகாரம். இஸ்ரவேலர் யோர்தான் ஆற்றின் நடுவிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்து வந்து கில்கால் என்ற இடத்தில் நாட்டுகிறார்கள். எதற்கு? பிற்காலத்தில் பிள்ளைகள் வந்து "இந்தக் கற்கள் ஏது?" என்று கேட்பார்கள், அப்போது சொல்லுங்கள் என்பதற்கு. முதலில் கல், அப்புறம் பிள்ளையின் கேள்வி, அதற்கும் பிறகுதான் பெரியவர்களின் பதில். பஸ்கா பண்டிகையைப் பற்றி யாத்திராகமத்திலும் இதே வரிசைதான். எங்கள் வேலை கல்லை நாட்டி வைப்பது. கேள்வி வரும்வரை வாயை மூடிக்கொண்டு காத்திருப்பது அதைவிடக் கஷ்டமான வேலை, அதில் நான் அடிக்கடி தோற்றுப்போகிறேன்.

இன்னொரு கேள்வி ஆழமானது, அதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். பிள்ளையின் நெஞ்சில் மதியீனம் ஒட்டியிருக்கிறது என்று வேதம் சொல்லும்போது, பிள்ளையின் விருப்பத்தின் பின்னால் போவது எப்படி என்று கேட்டீர்கள். பிள்ளைகள் பாவமில்லாதவர்கள் என்று நாங்களும் நம்பவில்லை. இரண்டு பிள்ளைகளும் ஒரே ஊஞ்சலும் இருக்கும் வீட்டில் அப்படி நம்பவும் முடியாது. அன்ஸ்கூலிங் செய்கிறவர்களில் தூங்கும் நேரம் உட்பட எல்லாவற்றையும் பிள்ளையிடம் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. நாங்கள் அந்த வகையில்லை. பொய் சொன்னால் கண்டிப்பு உண்டு, தம்பியைத் தள்ளினால் மன்னிப்புக் கேட்டாக வேண்டும், ராத்திரி நேரத்துக்கு விளக்கு அணையும், ஞாயிறு ஆராதனை விருப்பப் பாடம் கிடையாது. ஆனால் ஏழு வயதில் வாசிக்க வராதது பாவம் இல்லையே. எறும்பைப் பார்த்துக்கொண்டு அரைமணி நேரம் படுத்துக் கிடப்பதும் மதியீனம் இல்லை. வசனம் போகச் சொன்ன இடத்துக்குத்தான் போனாள்.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாயார் சூசன்னா வெஸ்லி அம்மாளையும் உதாரணம் காட்டினீர்கள். நல்ல உதாரணம், எனக்கு எதிராகவும். அந்த அம்மா பிள்ளைக்கு ஐந்து வயது நிறைந்ததும் ஒரே நாளில் எழுத்து முழுவதையும் கற்றுக்கொடுத்துவிடுவாராம். இரண்டு பெண் பிள்ளைகளுக்கு மட்டும் ஒன்றரை நாள் ஆனதாம். அவர்கள் மந்தம் என்று அப்போது நினைத்ததாகவும், மற்ற பிள்ளைகளைப் பார்த்த பிறகு அந்த எண்ணத்தை மாற்றிக்கொண்டதாகவும் அவரே எழுதியிருக்கிறார். (அவர்களுக்கு எழுத்து 26. நமக்கு 247.) அதே அம்மா வாரத்தில் ஒரு மாலையை ஒரு பிள்ளைக்கென்று ஒதுக்கி, தனியாக உட்கார்ந்து பேசியிருக்கிறார். மகன் ஜான் வெஸ்லிக்கு வியாழக்கிழமை. வளர்ந்து ஆளான பிறகு அவர் அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில் நினைத்துக் கேட்டது அந்த வியாழன் மாலையைத்தான். அந்த ஒன்றரை நாளைப் பற்றி நீங்கள் பேசுங்கள், நான் வியாழக்கிழமையைப் பிடித்துக்கொள்கிறேன்.

அப்படியென்றால் வாசிப்பு எப்போது வரும்? வந்துகொண்டிருக்கிறது. எண்கள் அவளுக்கு நம் சபையில்தான் வந்தன, உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. பலகையில் பாட்டு எண் போட்டதும் பக்கத்தில் கண் சரியாகத் தெரியாத பாட்டிக்குப் பாட்டுப் புத்தகத்தில் அந்தப் பாட்டை எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. 178-க்கும் 187-க்கும் வித்தியாசம் தெரியாமல் இரண்டு ஞாயிறு பாட்டி வேறு பாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மூன்றாவது ஞாயிறு தெரிந்துவிட்டது. எழுத்தில் இப்போது கொம்பில் மாட்டிக்கொண்டு நிற்கிறாள். "கொ" என்று எழுதினால் கொம்பு முன்னால், கால் பின்னால், சத்தமோ கடைசியில். "முதல்ல எழுதுறதை ஏன் கடைசியில சொல்லணும்?" என்று கேட்கிறாள். நான் பள்ளியில் படித்தபோது அதைக் கேட்கத் தோன்றியதேயில்லை. ஃபின்லாந்தில் பிள்ளை ஏழு வயதை எட்டும் வருடத்தில்தான் கட்டாயப் பள்ளியே தொடங்குகிறது என்று படித்தேன். அதனால் ஏழு வயதுக்கு நான் பதறவில்லை. ஒன்பதிலும் வராவிட்டால் பதறுவேன், உதவியும் கேட்பேன். கண்ணை ஏற்கெனவே பரிசோதித்துவிட்டோம்.

எல்லா நாளும் எறும்பு நாள் என்று நினைத்துவிடாதீர்கள். மழை நாளில் இரண்டும் கைபேசிக்குச் சண்டை போட்டு, நானும் கத்தி, அவர் வேலை முடிந்து வரும்போது மூன்று பேரும் மூலைக்கொருவராய் உட்கார்ந்திருந்த நாட்கள் உண்டு. அவள் வயதுப் பிள்ளை ஒன்று மேடையேறி சங்கீதம் 23-ஐப் பார்க்காமல் ஒப்பித்தபோது என் வயிற்றில் ஏதோ பிசைந்தது உண்மை. அன்று ராத்திரி ஒரு நோட்டு வாங்கி வந்து அவளை உட்கார வைத்து "அ" எழுதச் சொன்னேன். இரண்டு நாள் எழுதினாள். மூன்றாம் நாள், "இது எனக்கா, உங்களுக்கா அம்மா?" என்றாள். நோட்டை எடுத்து வைத்துவிட்டேன். இன்னும் அலமாரியில் இருக்கிறது.

இனி கேட்க வந்ததைக் கேட்கிறேன். நாங்கள் செய்வது சரி என்று நீங்கள் சொல்ல வேண்டும் என்று நான் கேட்கவில்லை. என் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை பரீட்சை வைக்காதீர்கள் என்றுதான் கேட்கிறேன். ஏழெட்டு எவ்வளவு என்று கேட்கிறவர் அவள் சொல்லும் விடைக்காகக் கேட்கவில்லை, என்னைப் பார்த்துக் கேட்கிறார். அது அவளுக்கும் புரிகிறது. சந்தேகம் இருந்தால் என்னிடம் கேளுங்கள், அவரிடம் கேளுங்கள், ஒரு நாள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தே பாருங்கள்.

வகுப்பில் வாசிக்க விருப்பமானவர்கள் கை தூக்கட்டும் என்று வைத்தால் லாபம் என் மகளுக்கு மட்டுமல்ல. திக்கித் திக்கி வாசிக்கும் இன்னும் இரண்டு பிள்ளைகள் அந்த வகுப்பில் இருக்கிறார்கள், நான் பெயர் சொல்ல மாட்டேன். ஞாயிறு பள்ளி எப்படி வந்தது என்று நம் எல்லோருக்கும் தெரியும். 1780இல் இங்கிலாந்தின் க்ளாஸ்டர் நகரத்தில் ராபர்ட் ரெய்க்ஸ் தொடங்கியபோது, வாரத்தில் ஆறு நாளும் வேலைக்குப் போய் ஓர் எழுத்தும் தெரியாமல் வந்த பிள்ளைகள்தான் உட்கார்ந்தார்கள். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு அங்கே முதல் இடம் இருந்தது.

வருகிற ஞாயிறு பெரியவள் வகுப்புக்கு வருவாள். போகாதே என்று சொல்ல நினைத்தேன், அவள் கேட்கவில்லை. அக்காவிடம் கேட்க ஒரு கேள்வி வைத்திருக்கிறாளாம்: கில்காலில் அந்தப் பன்னிரண்டு கல்லில் ஒன்று விழுந்திருந்தால் யார் தூக்கி நிறுத்தியிருப்பார்கள்? எனக்குத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன். அக்காவும் தெரியவில்லை என்றே சொல்லலாம், அவள் ஒன்றும் நினைக்கமாட்டாள்.

கர்த்தருக்குள் அன்புடன்,
இரண்டு பிள்ளைகளின் அம்மா