பேர் லிஸ்ட்டில இருக்கு, தேடினா இல்லையெண்டு வருது

ஆசிரியருக்கு வணக்கம்,

நான் உப்புவெளியில இருக்கிறன், எங்கட மாதர் சங்கத்தில பேர் லிஸ்ட், கணக்கு வேலை எல்லாம் பத்து வருஷத்துக்கு மேல நான்தான் பார்க்கிறன். போன மாசம் எங்கட சங்கத்து அக்கா ஒராள், கோமதி அக்கா எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ உண்மைப் பேர் வேண்டாம், ஒரு உதவிப் பணம் விஷயமா ஒபிசுக்குப் போனவா, அங்க இருந்த பிள்ளை கொம்பியூட்டரில பேரை அடிச்சுப் பார்த்திட்டு உங்கட பேர் இல்லையம்மா எண்டு அனுப்பிட்டுது. ரெண்டாந்தரமும் அதே பதில். மூண்டாந்தரம் நானும் கூடப் போனன், சுவரில ஒட்டியிருந்த பிரிண்டை விரலால ஒவ்வொரு வரியாப் பார்த்துக்கொண்டு வந்தா மூண்டாவது பக்கத்தில அவாட பேர் வடிவா நிக்குது. அக்கா அந்த இடத்திலயே அழுதிட்டா. அந்தப் பிள்ளையில பிழை சொல்ல மாட்டன், அது தனக்குத் தெரிஞ்ச மாதிரித்தான் தேடினது.

அதே லிஸ்ட் எக்செல் ஃபைலா எங்கட சங்கத்துக்கும் வந்திருந்தது. அண்டைக்கு இரவே இருந்து பார்த்தன். கோமதி எண்டு நான் புதுசா ஒருக்கா டைப் பண்ணி, லிஸ்ட்டில இருந்த பேரையும் பக்கத்தில போட்டு, லென் ஃபங்ஷனால ரெண்டையும் எண்ணினா என்ரதுக்கு 5, லிஸ்ட்டில இருந்ததுக்கு 6. கண்ணுக்கு ரெண்டும் ஒண்டுதான், ஒரு மயிரிழை வித்தியாசம் கிடையாது. மிட் ஃபங்ஷனால ஒவ்வொண்டாப் பிச்சுப் பார்த்தாப் பிறகுதான் விளங்கினது, என்ர கோ-வில க-வும் ோ எண்ட ஒரே குறியும் இருக்கு, அவையின்ர கோ-வில க, பிறகு ே தனிய, பிறகு கால் தனிய, மூண்டு துண்டா இருக்கு. யூனிகோடில, அதாவது கொம்பியூட்டரில ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நம்பர் வைச்சிருக்கிற முறையில, ரெண்டு விதமாயும் எழுதலாம், ரெண்டும் ஒண்டெண்டுதான் யூனிகோட் சொல்லுது, ஆனா ஃபைண்ட் மாதிரித் தேடுற ஃபங்ஷன் அதைப் பார்க்காது, துண்டுக்குத் துண்டு பொருந்தினாத்தான் இருக்கு எண்டு சொல்லும், இல்லாட்டி வலியூ எரர்.

இது எங்கயிருந்து வந்ததெண்டா பாமினி எண்ட பழைய தமிழ் எழுத்துருவில இருந்து. கனக்க ஒபிசுகளில பழைய லிஸ்ட் எல்லாம் பாமினி எழுத்துருவில அடிச்சது, பாமினியில கோ எண்டா முதல்ல கொம்பு, பிறகு க, பிறகு கால் எண்டு மூண்டு கீ அடிப்பம். அதைக் கவனமில்லாத ஒரு கன்வேட்டரில போட்டு யூனிகோட் ஆக்கினா கே ஒண்டு, கால் ஒண்டு எண்டு துண்டாவே நிண்டிடும். பாமினியிலயே விட்டாலும் வேற கரைச்சல். பாமினி உள்ளுக்குள்ள இங்கிலிஷ் எழுத்துத்தான், சின்ன எஃப் எண்டா க, பெரிய எஃப் எண்டா கு. இங்கிலிஷ் பேர்களைச் சரிப்படுத்துறதெண்டு ஒரு தம்பி லிஸ்ட் முழுக்க புரொப்பர் ஃபங்ஷனைப் போட்டுவிட, முதல் எழுத்தெல்லாம் பெரிசாகி கமலா குமலாவாப் போன கதை எங்கட சங்கத்திலயே நடந்தது. ஒரு மனிசியின்ர பேர் அது.

திருத்துறது அவ்வளவு கஷ்டமில்லை. சப்ஸ்டிடியூட் எண்டது ஒண்டைத் தேடி இன்னொண்டால மாத்துற ஃபங்ஷன், யூனிகார் எண்டது யூனிகோட் நம்பரைக் குடுத்தா அந்த எழுத்தைத் தாற ஃபங்ஷன். சப்ஸ்டிடியூட்டில, யூனிகார் 3015-ஐயும் (ே) யூனிகார் 3006-ஐயும் (கால்) ஒட்டித் தேடி யூனிகார் 3019-ஆல (ோ) மாத்தச் சொன்னா பிரிஞ்சு கிடக்கிற கோ, மோ, சோ எல்லாம் ஒரே அடியில சேர்ந்திடும். கொ, பொ மாதிரிக் குறிலுக்கு 3014-உம் 3006-உம், மாத்துறது 3018. யூனிகார் எக்செல் 2013-இல இருந்து இருக்கு. நான் அண்டைக்கு இரவு இதைப் போட்டவுடன கோமதி அக்கா லென் 5-க்கு வந்தா, தேடினவுடன கிடைச்சா.

ஆனா ஒரு இடத்தில கட்டாயம் கவனம் வேணும். கௌரியை கெளரி எண்டு கொம்பும் ள-வும் போட்டு அடிக்கிற பழக்கம் எங்கயும் இருக்கு, கிண்ணியா மூதூர்ப் பக்கத்து தௌபீக்மாரும் இப்பிடித்தான் தெளபீக் எண்டு கிடப்பினம். சரி, கொம்பும் ள-வும் வாற இடமெல்லாம் ஔகாரக் குறியா மாத்துவம் எண்டு மொத்தமாப் போட்டா எங்கட உப்புவெளியும் நிலாவெளியும் சிதைஞ்சிடும், வெளி எண்டதிலயும் அதே கொம்பும் ள-வும்தானே. கெளரி எண்டு முழுப்பேரையும் குடுத்து கௌரியா மாத்துங்கோ, தெளபீக்கையும் அப்பிடியே. அதோட மாத்தினதைப் பக்கத்துக் கொலத்தில (நிரலில) எடுங்கோ, மூலத்தில கை வைக்காதேங்கோ. ஊர்ப்பேரைச் சுருக்கி திருமலை எண்டு போட்டிருக்கினம், அதைத் திருகோணமலை ஆக்குவம் எண்டு ஷீட் முழுக்க மாத்தினா திருமலைநாதன் எண்ட மனிசன் திருகோணமலைநாதன் ஆயிடுவார்.

ஊர்ப்பேரைத் தேடுறதுக்கு சேர்ச் ஃபங்ஷன் நல்லம், இடையில எதுவும் வரலாம் எண்டு காட்டுற நட்சத்திரக் குறியை அது ஏற்கும், ஃபைண்ட் ஏற்காது. திரு, நட்சத்திரம், மலை எண்டு குடுத்தா திருகோணமலை, க் போட்ட திருக்கோணமலை, சுருக்கமான திருமலை, துண்டான கோ உள்ளது எல்லாம் ஒரே தேடலில வரும். கி, நட்சத்திரம், யா எண்டா கிண்ணியாவும் கின்னியாவும் வரும். இணையத்தில இருந்து கொபி பண்ணின பேருக்குப் பின்னால சிலவேளை, வெற்றிடம் எடுக்கிற ட்ரிம் ஃபங்ஷனுக்கும் போகாத ஒரு வெற்றிடம் ஒட்டியிருக்கும், அதின்ர யூனிகார் நம்பர் 160, அதையும் சப்ஸ்டிடியூட்டாலதான் எடுக்க வேணும்.

அடையாள அட்டை நம்பரிலயும் இப்பிடி ஒரு சிக்கல் இருக்கு. பழைய ஐசியில 9 இலக்கமும் கடைசியில வி அல்லது எக்ஸும், 2016-இல இருந்து குடுக்கிற புதுசில 12 இலக்கம், ஒரே லிஸ்ட்டில ரெண்டும் கலந்து கிடக்கு. பழையதைப் புதுசாக்கிறதுக்கு முன்னுக்கு 19, லெஃப்டால எடுத்த முதல் 5 இலக்கம், ஒரு 0, மிட்டால 6-ஆம் இடத்தில இருந்து எடுத்த 4 இலக்கம், எல்லாத்தையும் ஒட்டினாச் சரி. அதை டெக்ஸ்டாவே வைச்சிருங்கோ, நம்பரா மாத்தினா 12 இலக்கமும் தெரியாமல் ஈ போட்ட சுருக்கமாக் காட்டிடும்.

நான் கேக்கிறது ரெண்டுதான். ஒண்டு, ஒபிசுகளில இருக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு தமிழ்ப் பேரைத் தேடுற விதத்தை, இங்கிலிஷ் உதாரணத்தோட இல்லாம எங்கட பேர்களை வைச்சு ஒரு அரை நாள் சொல்லிக் குடுங்கோ. மற்றது, பேர் வரேல்லையெண்டா ஐசி நம்பரைப் பழைய விதத்திலயும் புதிய விதத்திலயும் அடிச்சு ஒருக்கா பார்த்திட்டு ஆக்களை அனுப்புங்கோ. கோமதி அக்கா மூண்டு தரமும் வெய்யிலுக்க பஸ்ஸில போய் வந்தவா.

இப்படிக்கு,
மாதர் சங்க உறுப்பினர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை