மந்தையை எண்ணுவது யார்?

ஆசிரியருக்கு,

துருவப் பகுதியில் பனிமான் மேய்க்க ட்ரோன் வந்துவிட்டது, மேய்ப்பர்களுக்கு இனி வேலை இருக்காது என்ற தொனியில் உங்கள் ஞாயிறு இதழில் ஒரு கட்டுரை வாசித்தேன். எண்பதுகளில் வடக்கு நோர்வேயின் பின்மார்க் கரைக்கு மீன் வெட்ட வந்த எங்கள் சனத்தில் நானும் ஒருவன். இப்போது ஓய்வில் இருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் இந்த வடக்கின் பூர்வகுடிகளான சாமி இனத்தவர், மான் மேய்ப்பவர்.

ட்ரோன் அவரிடமும் இருக்கிறது. சிதறிய மான்களைத் தேட முன்பெல்லாம் பனி ஸ்கூட்டரில் அலைய வேண்டும், இல்லாவிட்டால் ஹெலிகொப்டருக்குக் காசு அழ வேண்டும். இப்போது பள்ளத்தாக்கின் இந்தப் பக்கம் நின்றே அந்தப் பக்கத்தைப் பார்த்துவிடுகிறார். பற்றரிகள் மட்டும் ஜாக்கெட்டின் உள்பையில். குளிரில் வெளியே வைத்தால் பறக்க முன்னமே இறங்கிவிடும்.

சரி, ஆனால் குளிர்காலத்தில் மானைக் கொல்வது பனிக்கு அடியில் இருக்கிறது. நடுக்குளிரில் மழை பெய்து உறைந்தால், மான் குளம்பால் தோண்டித் தின்னும், பாசி போலத் தரையில் படரும் லைக்கனுக்கு மேலே பனிக்கட்டி மூடிவிடும். 2013 நவம்பரில் ரஷ்யாவின் யமாலில் இப்படித் தொடங்கிய பட்டினியில் ஏறத்தாழ 61,000 மான்கள் செத்தன. ட்ரோன் கமராவுக்கு அங்கே வெள்ளை நிலம் மட்டுமே தெரியும். ஐரோப்பாவின் சென்டினல்-1 செய்மதி ராடரால் பார்ப்பது. மேகமோ எங்கள் இரண்டு மாத இருட்டோ அதற்குத் தடையில்லை. எந்தப் பக்கம் பனி ஈரமானது என்று அதன் படத்தில் பிடிக்கலாம். அதைப் பார்த்த பிறகும் பக்கத்து வீட்டுக்காரர் மண்வெட்டியோடு போய்த் தரைவரை குழி தோண்டி, அடிப்பனியைக் கையால் உடைத்துப் பார்த்துத்தான் மந்தையை நகர்த்துவார்.

கட்டுரை தொடாத விஷயம் இன்னொன்று. உன்னிடம் எத்தனை மான் என்று இங்கே யாரும் யாரிடமும் கேட்பதில்லை. வங்கியில் எவ்வளவு வைத்திருக்கிறாய் என்று கேட்பது போல அது. மேலே பறக்கும் கமராவுக்கோ எண்ணுவது சுலபம். நோர்வே அரசு மந்தைகளுக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறது. யொவ்செத் ஆந்தே சாரா என்ற இளம் மேய்ப்பர் தன் மந்தையை 75 ஆகக் குறைக்க வேண்டும் என்ற உத்தரவை எதிர்த்து வழக்காடி, 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். அவருடைய அக்கா அதற்கு எதிர்ப்பாக 400 பனிமான் மண்டையோடுகளைக் கோத்து நாடாளுமன்றத்துக்கு முன்னால் தொங்கவிட்டார். இதெல்லாம் தெரிந்தவர்கள் தலைக்கு மேலே ட்ரோன் சத்தம் கேட்டால், இது யாருடையது என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.

கட்டுரையாளர் அடுத்த பகுதியும் எழுதப்போவதாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் படங்களும் எண்ணிக்கையும் கடைசியில் யாரிடம் போய்ச் சேருகின்றன என்பதை, கருவி விற்பவர்களிடம் மட்டுமில்லாமல் மேய்ப்பவர்களிடமும் விசாரித்து எழுதட்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பின்மார்க், நோர்வே