நான்காவது வழி எங்கே போனது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

கர்ப்பப்பையை ரோபோ மூலம் அகற்றுவது பற்றி ஞாயிற்றுக்கிழமை நம் பேப்பரில் அரைப் பக்கம் வந்திருந்தது. 'இரண்டே நாளில் வேலைக்குத் திரும்பலாம்' என்ற வரியில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் தாராவி 90 அடி ரோட்டுப் பக்கம் இட்லி மாவு அரைத்து விற்பவள்.

போன வருஷம், 47 வயதில், எனக்கும் அந்த ஆபரேஷன் நடந்தது. மாதத்தில் 12 நாள் உதிரப்போக்கு, ஹீமோகுளோபின் 7.8. கிரைண்டர் கல்லைத் தூக்கினால் கண் இருட்டும். ஸ்கேனில் 5 சென்டிமீட்டர் நார்க்கட்டி. மாத்திரை கேட்கவில்லை. கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனமும் இரண்டு முறை தானாக வெளியே வந்துவிட்டது.

தனியார் மருத்துவமனையில் ஒரு அட்டையை நீட்டினார்கள். ரோபோ 3.5 லட்சம், லேப்ரோஸ்கோப்பி (வயிற்றில் சின்ன ஓட்டைகள் போட்டு கேமரா விட்டுச் செய்வது) 1.75 லட்சம், வயிற்றைத் திறந்தால் 1.2 லட்சம். அவ்வளவுதான், மூன்றே வரி.

நர்சிங் படிக்கும் மகள் என்னை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனாள். டாக்டரம்மா கையால் பரிசோதித்துவிட்டு, "இரண்டும் சுகப்பிரசவம், கர்ப்பப்பை பத்து வார அளவு, நன்றாக அசைகிறது. கீழ்வழியாகவே எடுத்துவிடலாம், மாவ்ஷி" என்றார். (மாவு விற்பதால் இல்லை, மராத்தியில் சித்தியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.) அட்டையில் இல்லாத நான்காவது வழி இதுதான், யோனி வழியாக எடுப்பது. வயிற்றில் ஒரு ஓட்டைகூட இல்லை. முதுகில் ஊசி போட்டார்கள், கத்திரிகள் தட்டில் விழும் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தேன்.

இது இருநூறு வருஷத்துக்கு மேற்பட்ட முறையாம். முடிகிறவர்களுக்கு இதுவே முதல் தேர்வு என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் சங்கம் 2017இல் சொல்லியிருப்பதை மகள் காட்டினாள். எல்லோருக்கும் முடியாது என்பதும் உண்மை. திருநெல்வேலியில் என் அக்காவுக்கு இரண்டு சிசேரியன், உள்ளே எல்லாம் ஒட்டிக் கிடந்தது. அவளுக்கு லேப்ரோஸ்கோப்பிதான் சரி. வயிற்றை உப்ப வைக்க விட்ட கேஸால் மூன்று நாள் தோள்பட்டை வலி என்று புலம்பினாள், அப்புறம் சரியாகிவிட்டது. ரோபோவும் அதே ஓட்டைகள் வழியாகத்தான் போகிறது, அதன் கையை ஆட்டுவது டாக்டர்தான். புற்று இல்லாத சாதாரணக் கட்டிகளில் அது லேப்ரோஸ்கோப்பியைவிடப் பெரிதாக ஒன்றும் கூடுதல் பலன் தருவதாகத் தெரியவில்லை, பில்தான் கூடுகிறது.

அந்த 'இரண்டு நாள்' விஷயத்துக்கு வருகிறேன். எந்த வழியில் கர்ப்பப்பையை முழுதாக எடுத்தாலும் உள்ளே, யோனியின் மேல் முனையில், போடும் தையல் ஒன்றேதான். வெளியே தழும்பு சின்னதாக இருப்பதால் அந்த உள்தையல் சீக்கிரம் ஆறிவிடாது. ஆறு வாரம் கனம் தூக்காதே என்றார்கள். என் மாவுப் போகணி 18 கிலோ. ஆறு வாரமும் பக்கத்து வீட்டுப் பையன்தான் தூக்கினான், நான் ஸ்டூலில் உட்கார்ந்து காசு வாங்கினேன்.

உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு எங்கள் சந்தில் ஒருத்தி, அடுத்த வாரம் அட்மிட் ஆகப் போகிறவள், மூன்றாம் நாளே வந்துவிடுவேன் என்று தான் வேலை செய்யும் வீட்டில் சொல்லி வைத்திருக்கிறாள். அதற்குள் ஒரு திருத்தம் போடுங்கள், ஐயா.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தாராவி, மும்பை