ஏபி வகை ரத்தம் என்று அஞ்சி வரும் கர்ப்பிணிகளுக்காக: மகப்பேறு மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களே, செவிலியர்களே,

வணக்கம். "எனக்கு ஏபி வகை ரத்தம். பி.பி. ஏறி வலிப்பு வந்துவிடுமா?" என்று கேட்கும் கர்ப்பிணிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எங்கோ ஒரு வரியைப் படித்துவிட்டு, தூக்கம் கெட்டு வந்து நிற்பவர்கள் அவர்கள். "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிடாதீர்கள். அவர்கள் படித்ததில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அது எவ்வளவு என்று சொல்லி அனுப்புங்கள். அதைக் கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

பின்லாந்தில் 2009இல் வெளியான ஓர் ஆய்வு, ஏபி வகைத் தாய்மார்களுக்கு ப்ரீ-எக்லாம்ப்சியா (கர்ப்பத்தில் பி.பி. ஏறி உறுப்புகளைப் பாதிக்கும், முற்றினால் வலிப்புவரை போகும் நோய்) வரும் வாய்ப்பு ஏறக்குறைய இருமடங்கு என்றது. இருமடங்கு என்று கேட்டால் யாருக்கும் வயிறு கலங்கும். ஆனால் அதில் இருந்தவர்கள் சில நூறு பெண்கள்தான். சுவீடனில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட தாய்மார்களின் பதிவுகளை அலசி 2012இல் வெளியிட்டார்கள். ஓ வகையைவிட ஏபி வகைக்கு வாய்ப்பு சுமார் 10 சதவீதம்தான் கூடுதல். தீவிர நிலைக்குச் சுமார் 18 சதவீதம். ஓ வகையில் 1,000 பேரில் 30 பேருக்கு இந்நோய் வருகிறது என்று வைத்துக்கொண்டால், ஏபி வகையில் 33 பேருக்கு வரும். மற்ற 967 பேருக்கு வராது. பயந்து வந்த பெண்ணிடம் இந்தக் கணக்கைச் சொல்ல ஒரு நிமிடம் போதும்.

"ஏன் அப்படி?" என்று அவள் கேட்டால் அதற்கும் பதில் உண்டு. ஏ, பி வகைகளின் அடையாளமான சர்க்கரை மூலக்கூறுகள் சிவப்பணுக்களின் மேல் மட்டுமல்லாமல், ரத்தம் உறைய உதவும் வான் வில்லிபிராண்ட் காரணி என்ற புரதத்தின் மேலும் ஒட்டியிருக்கின்றன. ஓ வகையினருக்கு அந்தப் புரதத்தின் அளவு சுமார் 25 சதவீதம் குறைவு. மற்ற வகையினருக்கு ரத்தம் சற்று எளிதாக உறைவதால் நஞ்சுக்கொடியின் ரத்த ஓட்டம் பாதிக்கப்படலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். இன்னும் முடிந்த முடிவல்ல.

எனக்குப் பெரிய கவலை ஓ வகைப் பெண்களைப் பற்றியது. நானும் ஓ வகைதான். முதல் பேற்றில் முகமும் கையும் வீங்கியபோது, "கர்ப்பத்தில் எல்லாருக்கும் வருவதுதானே" என்று ஓரிடத்தில் பி.பி.கூடப் பார்க்காமல் அனுப்பினார்கள். சில நாள் கழித்து வேறிடத்தில் பார்த்தபோது 160ஐத் தாண்டியிருந்தது. ஓ என்ற எழுத்து என்னைக் காப்பாற்றவில்லை. கையில் பட்டையைக் கட்டி அளந்த அந்தச் செவிலியர்தான் காப்பாற்றினார்.

ரத்த வகையைவிடப் பல மடங்கு கனமான காரணங்கள் உங்களுக்குத் தெரியும். முந்தைய கர்ப்பத்தில் ப்ரீ-எக்லாம்ப்சியா வந்தவருக்கு வாய்ப்பு ஏறத்தாழ 7 மடங்கு. ஏற்கெனவே ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், சிறுநீரக நோய், இரட்டைக் கரு, உடல் பருமன், முதல் கர்ப்பம் எல்லாம் அதற்கு அடுத்த இடங்களில் நிற்கும் காரணங்கள். ரத்த வகையைப் பெரிய எழுத்தில் எழுதும் பரிசோதனை அட்டையில் இவற்றையும் அதே அளவில் எழுதுங்கள். முதல் வருகையிலேயே கேளுங்கள். இந்நோயைத் தடுக்கக் கொடுக்கும் குறைந்த அளவு ஆஸ்பிரின் 16 வாரத்துக்கு முன் தொடங்கினால்தான் நன்றாகப் பயன் தருகிறது. ஆபத்து மிகுந்த பெண்களுக்குத் தினமும் 150 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2017இல் வெளியானது. 37 வாரத்துக்கு முன் பேறுகாலத்தைக் கொண்டுவரும் ப்ரீ-எக்லாம்ப்சியா அதில் 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தது. ஐந்தாம் மாதத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டால் அந்த வாய்ப்பு கைநழுவிப் போயிருக்கும்.

ஆர்எச் நெகட்டிவ் விஷயத்தை இதோடு குழப்பிக்கொள்பவர்களும் உண்டு. ஆர்எச் நெகட்டிவ் தாய்க்குப் போடும் ஆன்டி-டி ஊசி குழந்தையின் ரத்த அணுக்களைக் காக்க, பி.பி.க்கும் அதற்கும் தொடர்பில்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன். பி.பி. பார்த்த பிறகு "நார்மல்" என்று மட்டும் சொல்லாமல் எண்ணைச் சொல்லுங்கள். 140/90 என்றால் மறுபடி பார்க்க வேண்டும், 160/110 என்றால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது என்று அவளுக்கும் வீட்டாருக்கும் தெரியட்டும். விடாத தலைவலி, கண் மங்கல், வலது விலாவுக்குக் கீழே வலி, மூச்சுத் திணறல் வந்தால் எந்த நேரமானாலும் வரச் சொல்லுங்கள். பிள்ளை பிறந்த பிறகும் 6 வாரம்வரை இது வரக்கூடும். வீட்டுக்கு அனுப்பும்போது குழந்தையின் தடுப்பூசித் தேதியைக் குறித்துக் கொடுக்கிறீர்கள் அல்லவா, அதே தாளில் தாயின் பி.பி.யை மறுபடி பார்க்க வேண்டிய தேதியையும் எழுதிக் கொடுங்கள்.

அன்புடன்,
ஓ வகை ரத்தம் கொண்ட ஒரு தாய்