சூளை திறந்த செய்தி

புதுச்சேரி,
ஞாயிறு இரவு

அன்புள்ள செல்வி,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் எழுதாமல் இருந்தது தவறுதான், மன்னித்துவிடு. அம்மா நலம், கண் அறுவைக்குப் பிறகு மீண்டும் தானே ஊசியில் நூல் கோக்கிறாள். மணி அண்ணன் மாறவே இல்லை. நேற்றுச் சூளையைத் திறந்தேன். பதினோரு கிண்ணங்களில் எட்டு, விரிசலே இல்லாமல் வெளிவந்தன!

வட கன்னட மாவட்டத்துக்குப் போய் சித்தி பெண்கள் தைக்கும் கவந்திப் போர்வைகளைப் பார்த்து வந்ததைச் சொன்னேன் அல்லவா? சித்தி என்றதும் உன் கோமதி சித்தியை நினைத்துச் சிரிக்காதே. பல நூற்றாண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். பழஞ்சேலையை அடியில் விரித்து, ஓரத்தில் தொடங்கி, கந்தல் துண்டுகளை ஒவ்வொன்றாக மடித்து வைத்து ஓடுதையல் போட்டபடியே சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து சேர்கிறார்கள். நான்கு மூலைகளிலும் மடித்த துணிப்பூ வைத்தால்தான் போர்வை நிறைவு பெறுகிறது.

அதை மண்ணில் செய்ய வேண்டும் என்ற ஆசை அன்றே என்னைப் பற்றிக்கொண்டது. நிறம் ஏற்றிய களிமண்ணைப் பட்டை பட்டையாக அடுக்கி, ஒரே கட்டியாக அழுத்தி, கம்பியால் குறுக்கே சீவினால் ஒவ்வொரு வில்லையிலும் அதே கோலம் இருக்கும். மேலே தீட்டிய வண்ணம் அல்ல அது. கிண்ணத்தின் உள்ளும் புறமும் ஒன்றே. ஜப்பானியர் இதை நெரிகோமி என்பார்கள்.

ஆனால் ஏழு மாதமாக ஒட்டிய இடமெல்லாம் வாய் பிளந்தது. வெள்ளைக்கு ஒரு மண், சிவப்புக்கு வேறு மண் என்று எடுத்ததே காரணம். ஒன்று கூடுதலாகச் சுருங்க, மற்றது பின்தங்கிவிடுகிறது. கசமா ஊரில் பௌத்தத் துறவியாக இருந்த மட்சுய் கோசெய், 1993இல் ஜப்பான் அரசு 'வாழும் தேசியச் செல்வம்' என்று அறிவித்த குயவர், ஒரே மண்ணில் வெவ்வேறு நிறமிகளைக் கலந்துதான் இந்தச் சிக்கலைக் கடந்தார். நானும் அப்படியே செய்தேன். ஒரு கிலோ உலர்ந்த மண்ணுக்கு 10 கிராம் கோபால்ட் ஆக்சைடு போட்டாலே அடர் நீலம் வந்துவிடுகிறது. பழுப்புக்கு இரும்பு ஆக்சைடு 60 கிராம். அப்போதும் பாதி வெடித்தன.

அப்போதுதான் அந்தக் கிராமத்து மூதாட்டி நினைவுக்கு வந்தார். நான் ஆசையோடு கொண்டுபோன புதுத்துணியை அவர் ஒதுக்கி வைத்துவிட்டார். துவைத்தால் அது மட்டும் சுருங்கி, பக்கத்துத் துண்டுகளை இழுத்துவிடும் என்றார். பலமுறை துவைத்து, சுருங்க வேண்டிய அளவு சுருங்கி முடிந்த துணிகளே ஒன்றோடொன்று இணங்கிக் கிடக்கும். மண்ணுக்கும் அதுதானே, செல்வி! நான் நீலத்தை இன்று பிசைந்து, போன வாரம் பிசைந்த வெள்ளையோடு ஒட்டிக்கொண்டிருந்தேன். ஈரப்பதம் வேறு, சுருக்கம் வேறு. இம்முறை எல்லா நிறங்களையும் ஒரே நாளில் பிசைந்து, ஒரே ஈரச்சாக்கில் இரண்டு வாரம் சேர்த்து வைத்தேன். ஒட்டும் முகங்களைக் கீறி, அதே மண்ணின் கூழைத் தடவினேன். வனைந்த கிண்ணங்களைப் பிளாஸ்டிக் தாளுக்கு அடியில் பன்னிரண்டு நாள் மெல்லக் காயவிட்டேன். பாதி காய்ந்த பதத்தில் தகட்டால் மேல்தோலைச் சுரண்டியபோது, கலங்கிக் கிடந்த சேற்றுப்படலம் நீங்கி நீலமும் வெள்ளையும் தனித்தனியே கூர்மையாகத் தெரிந்தன, கை நடுங்கிவிட்டது.

உங்கள் ஆச்சி பழஞ்சேலைகளில் தைத்த போர்வை இன்னும் பரணில்தானே இருக்கிறது? அதை யாருக்கும் கொடுத்துவிடாதே. வெயிலில் விரித்து, எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறத்தை ஆச்சி வைத்தாள் என்று தெரியும்படி படமெடுத்து அனுப்பு. அடுத்த சூளைக்கு அதுதான்.

அன்புடன்,
வள்ளி