தேர் திரும்பும் முனை

அன்பு மகனுக்கு,

"தேர் எப்படியம்மா இருந்தது?" என்று போனில் கேட்டாய். அக்கா மகள் குட்டி குறுக்கே குறுக்கே பேசியதில் பாதிகூடச் சொல்ல முடியவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா நலம். ஜப்பானில் இந்தக் கியோட்டோ நகரத்தின் ஜூலை மாதம் மட்டும் அவரைக் கொஞ்சம் வாட்டிவிட்டது. மூன்று பக்கமும் மலை, காற்றே இல்லாத புழுக்கம். ஒசாகாவிலிருந்து ரயிலில் அரை மணி நேரம்தான் என்பதால் அக்காவும் மாப்பிள்ளையும் சளைக்காமல் எங்களைத் திரும்பத் திரும்ப அழைத்துப் போனார்கள்.

தேர் ஓடும் இந்தக் கியோன் திருவிழா ஒரு நாளில் முடிவதில்லை, ஜூலை மாதம் முழுவதும் நடக்கிறது. யசாகா கோயில் தெய்வத்துக்கான விழா. 869ஆம் ஆண்டு கொள்ளைநோய் பரவியபோது, அன்றைய நாட்டின் 66 மாகாணங்களுக்கு ஒன்று வீதம் நீண்ட காம்புடைய 66 வேல்களை நட்டு, நோய் நீங்க வேண்டினார்களாம். அதுதான் தொடக்கம். இன்று ஒவ்வொரு பெரிய தேரின் கூரைக்கு மேலும் வானைத் தொடுவதுபோல் ஒரு கம்பம் நிற்கிறதே, அது அந்த வேலின் வழிவந்தது. தெருவுக்கு ஒரு தேர். அந்தந்தத் தெருக்காரர்களே அதைக் கட்டி, அலங்கரித்து, இழுத்து, பிரித்துப் பெட்டியில் வைக்கிறார்கள்.

ஜூலை 10 வாக்கில் தேர் கட்டத் தொடங்குகிறார்கள். ஆணி அடிப்பதில்லை. மரச் சட்டங்களை வைக்கோல் கயிற்றால் சுற்றிச் சுற்றி இறுக்குகிறார்கள். தேர் ஓடும்போது வரும் குலுக்கலைக் கயிறு வாங்கிக்கொள்ளும், ஆணியானால் மரத்தைப் பிளந்துவிடும் என்று மாப்பிள்ளை விளக்கினார். அந்தக் கட்டுகளே பார்க்க அவ்வளவு அழகு. அவற்றின் மேல் விலைமதிப்பற்ற துணிகளைத் தொங்கவிட்டு மறைத்துவிடுகிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம். ஆனால் அந்தத் துணிகளும் சாதாரணமானவை அல்ல. ஒரு தேரின் முகப்பில் பெல்ஜியத்தில் 16ஆம் நூற்றாண்டில் நெய்த பைபிள் காட்சி, இன்னொன்றில் முகலாயர் காலத்து இந்தியக் கம்பளம். வெளியுலகத்துக்கு நாட்டின் கதவு ஏறக்குறைய மூடியிருந்த காலத்தில்கூடக் கியோட்டோ வணிகர்கள் எங்கெங்கிருந்தோ இவற்றை வாங்கித் தங்கள் தேருக்குப் போர்த்தியிருக்கிறார்கள்.

12ஆம் தேதி வெள்ளோட்டம். அன்று வடம் பிடிக்க யாரும் வரலாம். பெண்கள், குழந்தைகள், வழிப்போக்கர்கள் எல்லோரும் வரலாம். அன்று இழுத்தால் அந்த ஆண்டு நோய் அண்டாது என்பது நம்பிக்கை. அக்கா, நான், குட்டி மூவரும் நகினாத்தா தேரின் வடத்தைப் பிடித்தோம். தேரின் முன் நிற்கும் இருவர் விசிறியை நீட்டி "என்யாரயா!" என்று குரல் கொடுத்ததும் வடம் விறைத்தது. அடுத்த நொடி அந்தக் கனம் நகர்ந்துவிட்டது. மேலே மணியும் குழலும் மத்தளமும் சேர்ந்து "கொன்சிகிசின்" என்று ஒலிக்க, குட்டி அன்று இரவு தூக்கத்திலும் அதையே முணுமுணுத்தாள். திருவாரூரில் உன் தாத்தாவின் தோளில் இருந்தபடி வடம் தொட்டவள் நான். இங்கே என் பேத்தியின் கைக்குப் பின்னால் என் கை. உன் மகனும் அங்கே இருந்திருக்க வேண்டும் என்று அப்போதே நினைத்தேன்.

17ஆம் தேதிதான் ஊர்வலம், 23 தேர்கள். நகினாத்தா எப்போதும் முதலில் போகும். மற்றவற்றில் பெரும்பாலானவற்றின் வரிசையைச் சீட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள். நகினாத்தாவின் மேல் தெய்வத்தின் சார்பாக ஒரு சிறுவன் அமர்ந்து வருவான். அவன் கால் தரையில் படக்கூடாது. ஷிஜோ சாலையின் குறுக்கே கட்டிய கயிற்றை அவன் வாளால் வெட்டிய பிறகுதான் தேர்களுக்கு வழி. அந்தத் தேரில் பெண்கள் ஏறுவதற்கு இன்றும் அனுமதியில்லை. எனக்கு அதில் உடன்பாடில்லை. வடம் இழுக்கத் தகுந்த கை மேலே ஏறவும் தகும். வேறு சில தேர்களில் பெண்கள் ஏறுகிறார்கள், மற்றவையும் மாறட்டும். நம் ஊரில் தேர் வருமுன் மின்கம்பியைக் கழற்றுவார்கள் அல்லவா? இங்கே சிக்னல் கம்பத்தையே சாலையோரமாக மடக்கி வைக்கும்படி செய்திருக்கிறார்கள். தேர் ஊர்வலத்துக்காக நகரமே தன்னை மடக்கிக்கொள்வதைப் பார்த்து அப்பா கைதட்டிவிட்டார்.

நாங்கள் கவாரமாச்சி முனையில் இடம் பிடித்திருந்தோம். தேர் திரும்புவதைப் பார்க்கத்தான் நான் இத்தனை தூரம் வந்ததே. பெரிய தேர் ஏறத்தாழ 12 டன், கம்பத்தின் நுனிவரை 25 மீட்டர். அச்சு அசையாது, சக்கரம் பக்கவாட்டில் திரும்பாது. ஆகவே பிளந்த பச்சை மூங்கிலை முன்சக்கரங்களின் அடியில் பரப்பி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். வடத்தைப் பக்கவாட்டில் கொண்டுபோய்ப் பிடித்து, விசிறிக்காரர்களின் குரலுக்கு எல்லோரும் ஒரே மூச்சில் இழுக்கிறார்கள். மூங்கில் நொறுங்கும் சத்தத்தோடு தேர் வழுக்கித் திரும்புகிறது. உச்சிக் கம்பம் ஆடியபோது என் வயிறு கலங்கியது. மறுபடி மூங்கில், மறுபடி தண்ணீர். இரண்டு மூன்று இழுப்பில் முழுத் திருப்பமும் முடிந்தது.

ஆனால் என்னைக் கலங்க வைத்தது வேறு. நேர்ச் சாலையில் தேர் சற்றே விலகினால், சக்கரத்தை ஒட்டிக் குனிந்தபடி நடக்கும் ஆட்கள் நீளக் கைப்பிடி உள்ள மரக்கட்டையைச் சக்கரத்தின் அடியில் கொடுத்து வழிக்குக் கொண்டுவருகிறார்கள். முட்டுக்கட்டைதான், தம்பி! அதே குனிவு, சக்கரத்தை விட்டு அகலாத அதே கண். தாத்தா போட்ட முட்டுக்கட்டையில் ஆழித்தேர் நான்கு வீதியும் சுற்றி வந்ததை நீ பார்த்ததில்லை. 96 அடித் தேர் அவர் கைக் கட்டைக்குக் கட்டுப்பட்டு நிற்கும். அவரை அங்கே பார்த்ததுபோல் ஆகிவிட்டது எனக்கு. அழுதேன். பக்கத்தில் நின்ற ஜப்பானியப் பாட்டி ஒன்றும் கேட்காமல் எனக்கு விசிறிவிட்டார்.

ஊர்வலம் முடிந்த கையோடு தேர்களைப் பிரித்துவிடுகிறார்கள். தெருவில் உள்ள தீய சக்திகளையெல்லாம் தேர் தன்மேல் ஈர்த்துக்கொள்வதால், அவற்றைச் சுமந்தபடி நிற்கக் கூடாதாம். அன்று மாலையில்தான் தெய்வம் பல்லக்கில் புறப்பாடு. தேர்கள் அதற்கு முன்னோடியாகப் போய் வீதியைத் தூய்மை செய்பவை.

24ஆம் தேதி இரண்டாவது ஊர்வலம், 11 தேர்கள். அதைப் பற்றி அக்கா சொன்னதுதான் என் மனத்தில் நிற்கிறது. அதில் வரும் தக்காயமா என்ற தேர் 1826இல் புயல் மழையில் பழுதாகி ஓடாமல் நின்றது. 1864இல் ஊரையே எரித்த பெருந்தீயில் தேரும் போனது. ஆனாலும் அந்தத் தெருக்காரர்கள் தீயில் தப்பிய சிலைகளை ஆண்டுதோறும் வீட்டில் எழுந்தருளச் செய்து வணங்கி வந்தார்கள். பிறகு முதலில் இசைக்குழு சேர்த்துப் பயின்றார்கள். மற்றத் தெருக்காரர்கள் தங்கள் தேர்களின் பழைய உறுப்புகளைக் கொடுத்து உதவினார்கள். 196 ஆண்டுகளுக்குப் பிறகு 2022இல் தக்காயமா மறுபடி வீதிக்கு வந்தது. நம் ஆழித்தேரும் பல ஆண்டுகள் நிலையிலேயே நின்று, 1970இல்தான் மீண்டும் ஓடியது. அந்த ஓட்டத்தைத் தாத்தா சொல்லும்போதெல்லாம் அவர் குரல் மாறிவிடும். ஓடாத ஆண்டுகளில் தேரின் வேலை தெரிந்தவர்கள் அதை மறந்திருந்தால் 1970இல் யார் கட்டை போட்டிருப்பார்கள்?

அதைத்தான் உன்னிடம் கேட்க வந்தேன். நீ தொலைவில் இருப்பதில் எனக்குக் குறையில்லை, உன் பிழைப்பு அங்கே. ஆனால் உன் மகன் தேரை வீடியோவில் மட்டும் பார்த்து வளர்வது எனக்குப் போதவில்லை. குட்டி பிறந்தது ஜப்பானில். அவளுக்கு இங்கே ஒரு வடம் கிடைத்துவிட்டது. அவனுக்கு நம் ஊர் வடம் இருக்கிறது, நீ கூட்டி வந்தால்.

வரும் பங்குனியில் வா. ஆயில்யத்தன்று தேர், தேதி உறுதியானதும் அப்பா அனுப்புவார். பள்ளியில் ஒரு வாரம் விடுப்புக் கேட்டு இப்போதே எழுது. தேருக்கு முந்தைய நாளாவது வந்து சேர்ந்துவிடுங்கள். தாத்தாவோடு கட்டை போட்ட பெரியவர் ஒருவர் இன்னும் தெற்கு வீதியில் இருக்கிறார். தேர் நிலையில் நிற்கும்போதே பையனுக்குக் கட்டையைக் கையில் கொடுத்துக் காட்டுவதாக அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்.

வாசலில் மாட்டுவதற்கு இங்கே விற்கும் சிமாகி என்ற காப்பு ஒன்றை உனக்குத் தனியே அனுப்புகிறேன். மூங்கில் இலையில் சுற்றியிருப்பதால் தின்பண்டம் போல் தெரியும், பிரித்து விடாதே. வழிப்போக்கராக வந்த தெய்வத்துக்குத் தன் வீட்டில் இருந்த தினைச்சோற்றை இட்ட ஓர் ஏழையின் பெயர் அதில் எழுதியிருக்கிறது. அவன் வழிவந்தவர்கள் வீட்டுக்கு நோய் வராது என்பது இவர்கள் வழக்கு. மருமகளிடம் சொல்லி வாசற்கதவின் மேல் கட்டச் சொல்.

டிக்கெட் எடுக்குமுன் ஒரு போன் செய். அக்காவும் அதே வாரத்தில் வரப் பார்க்கிறாள்.

அம்மா