மகள் போட்ட 14

முரளி,

உன் கடிதத்துக்கு மூன்று வாரமாகப் பதில் போடாததற்குக் காரணம் மகளின் கணக்கு நோட்டு, சிரிக்காதே. ஆயத்தொலைவு வடிவியல், அதாவது கட்டத்தாளில் புள்ளிகளை எண்களால் குறித்துப் போடும் கணக்கு, ஆரம்பித்திருக்கிறார்கள். இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள தொலைவு என்றதும் சூத்திரத்தை மந்திரம் மாதிரி ஒப்பிக்கிறாள், ஆனால் (−2, 3), (4, −5) என்று கொடுத்தால் 4−2 = 2 என்று எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறாள், கழித்தல் குறி என்று ஒன்று இருப்பதே கண்ணில் படவில்லை.

சரி என்று கட்டத்தாளை எடுத்து, −2-லிருந்து 0 வரை 2 கட்டம், அங்கிருந்து 4 வரை இன்னும் 4, ஆக 6 என்று விரல் வைத்து எண்ணிக் காட்டினேன். 3-லிருந்து −5 வரை இறங்கினால் 8. இரண்டு கோட்டையும் போட்டதும் செங்கோண முக்கோணம் தானாக வந்து நின்றது, கர்ணம்தான் நாம் தேடும் தொலைவு. 36 + 64 = 100, வர்க்கமூலம் 10. இவ்வளவுதானா, இது பிதாகரஸ் தேற்றம்தானே என்று என்னையே முறைத்தாள். புள்ளியை எண்களால் குறிக்கும் இந்த முறைக்கு வழிபோட்டவர் டெகார்த், 1637-இல் புத்தகமே போட்டார் என்றேன். அவருக்கு வேறு வேலை இல்லையா என்றாள்.

மறுநாள் அதே கணக்குக்கு விடை 14! வர்க்கமூலத்தைத் தனித்தனியாக எடுத்து 6-ஐயும் 8-ஐயும் கூட்டியிருக்கிறாள். நீயும் அந்தக் காலத்தில் இதையேதான் செய்துகொண்டிருந்தாய், மறுக்காதே. ஆனால் யோசித்துப் பார்த்தால் 14-க்கும் ஒரு அர்த்தம் இருக்கிறதடா, குறுக்கே போகாமல் கட்டத்தின் கோடுகள் மேலேயே நடந்தால் சரியாக 14 கட்டம்தான். அதைச் சொன்னதும் பாதி மார்க்காவது கொடு என்று பேரம் பேசினாள்.

அப்புறம், உன் நிரல் பற்றிக் கேட்டிருந்தாயே, ஆயிரக்கணக்கான புள்ளிகளில் எது பக்கத்தில் இருக்கிறது என்று மட்டும் தெரிய வேண்டுமென்றால் வர்க்கமூலமே எடுக்காதே. வர்க்கங்களின் கூட்டுத்தொகை எதற்குச் சிறியதோ அதுதான் அருகில். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்: ஆதிப்புள்ளியான (0, 0)-இலிருந்து (5, 5)-க்கும் 50 வரும், (1, 7)-க்கும் 50 வரும். இரண்டும் ஒரே தூரம். அப்படிச் சமமாக வந்தால் எதை எடுப்பது என்று முதலிலேயே முடிவு பண்ணி வை.

ஓடியதா இல்லையா என்று எழுது.